கவலைமேடு: ஒரு கருவிச் சொல்லின் பொருளும் புழக்கமும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் தம் ஊர்ப்பக்கத்து நிலப்பெயர்களைத் தொகுத்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். ஏரிக்கரைக் கொல்லை, புளியமரத்துக் கழனி, குட்டைமேடு என்று நாற்பதுக்கு மேற்பட்ட பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே பொருளும் எழுதியிருந்தார். அதில் ஒரு பெயர் 'கவலைமேடு'. அதற்கு எதிரே, 'முன்பு இங்கே ஏதோ துயரம் நடந்திருக்க வேண்டும். மக்கள் கூடி அழுத இடம்' என்று இருந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தம்பி பிறந்தபோது அவர் ஊரில் ஒரு கவலைகூட ஓடவில்லை. அவருக்குத் தெரிந்த கவலை ஒன்றே ஒன்றுதான். தெரிந்த பொருளை வைத்துத் தெரியாத பெயரைத் திறந்து பார்த்திருக்கிறார். அவருக்குச் சொல்லிக்கொடுக்காத நமக்குத்தான் அந்தப் பிழையில் பங்கு அதிகம். ஆகவே இன்று இந்த ஒரு சொல்லைப் பற்றி மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறேன். கவலை. மாடு கட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் கருவி. தெற்கே போனால் கமலை.

கவலை இருந்த இடத்தைக் காட்ட நான் அந்தத் தம்பியை அழைத்துக்கொண்டு தளவானூர் போனேன். தென்பெண்ணைக் கரையிலும் ஒரு தளவானூர் உண்டு. நான் சொல்வது நம் செஞ்சி வட்டாரத்தில், மண்டகப்பட்டுக்குப் பக்கத்திலிருக்கும், குடைவரை உள்ள தளவானூர். 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் அந்தப் பாறையைக் குடைந்து சிவனுக்குக் கோயில் எடுத்தான். சத்ருமல்லன் என்ற தன் விருதுப்பெயரையே கோயிலுக்கு வைத்தான், சத்ருமல்லேசுவரம். முகப்பில் தூண்களுக்கு மேலே மகர தோரணம், இரு முனைகளிலும் வாயிற்காவலர், வடமொழியிலும் தமிழிலும் கல்வெட்டு. தொல்லியல் படிக்கிற பிள்ளைகள் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். எடுக்க வேண்டியதுதான்.

குடைவரையைப் பார்த்துவிட்டு வயல் பக்கம் நடந்தோம். தூர்ந்து கிடந்த ஒரு பழைய கிணறு. அதன் ஒரு கரையில் ஆள் உயரத்துக்குச் சற்றுக் கூடுதலாக இரண்டு கல் தூண்கள், கிணற்றுப் பக்கம் லேசாகச் சாய்ந்து நின்றன. தலைப்பகுதியில் அச்சு செருகத் துளை. கரைக்கல்லில் ஓரிடம் விரல் நுழையும் அளவுக்குப் பள்ளமாக, சோப்புக் கட்டிபோல வழவழவென்று தேய்ந்திருந்தது. தம்பி அதில் விரலை வைத்து முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார். கயிறு தேய்த்த தடம் அது. மன்னனின் பெயரை உளி வெட்டியது. இந்தத் தடத்தை வெறும் நார்க்கயிறு வெட்டியிருக்கிறது; எத்தனை ஆயிரம் முறை இழுபட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இதற்கு விருதுப்பெயர் இல்லை. ஆனால் இதற்கும் ஒரு சொல் இருக்கிறது, அந்தச் சொல்தான் தம்பியின் குறிப்பேட்டில் அழுதுகொண்டிருந்தது.

பக்கத்துக் கொல்லையில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். (மணிலாக்கொட்டை என்ற பெயர் நம் வாயில் மல்லாட்டை ஆனது. கடல் கடந்து வந்த சொல்லையும் இந்த மண் தனக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளும்.) பெரியவருக்கு எண்பதுக்கு மேல். "இந்தக் கவலையில தண்ணி எறைச்சிருக்கீங்களா தாத்தா?" என்று தம்பி கேட்டார். பெரியவர் பதில் சொல்வதற்குள் அந்த அம்மா நிமிர்ந்து, "கவலைய ஓட்டறது தம்பி. தண்ணியத்தான் எறைக்கறது" என்றார்.

இலக்கணப் புத்தகம் ஒரு பக்கத்தில் சொல்வதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். ஒரு கருவிச் சொல்லுக்குப் பொருள் தேடினால், அது எந்த வினையோடு குடும்பம் நடத்துகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஏற்றத்தை மிதிப்பார்கள், இறைப்பார்கள். கவலையை ஓட்டுவார்கள். ஏரை ஓட்டுவது போல, வண்டியை ஓட்டுவது போல. ஏனென்றால் ஏற்றத்தில் உழைப்பது மனிதக் கால். கவலையில் உழைப்பது மாட்டின் கழுத்து. மாடு எங்கே இருக்கிறதோ அங்கே 'ஓட்டு' வந்துவிடும். 'நீர் இறைக்கும் கருவி' என்று அகராதி பொருள் எழுதுகிறது. பிழையில்லை. ஆனால் அந்தப் பொருளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வாக்கியம் பேசினால் கவலை ஓட்டியவர்கள் நம்மை வெளியூர்க்காரர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். ஒரு மூங்கில் கூடையையும் சணல் துண்டையும் வைத்துக்கொண்டு எங்களுக்குக் கவலை ஓட்டிக் காட்டினார். அதை நான் முடிந்தவரை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் இந்த அமைப்பு புரியாமல் சொல் புரியாது.

கிணற்றில் இறங்குவது சால். ஆதியில் தோலால் ஆனது. பிறகு இரும்புத் தகட்டில் செய்தார்கள். இரும்புச் சாலுக்கு மேலும் வாய், கீழும் வாய். கீழ் வாயோடு நீளமான தோல் குழாய் ஒன்றைத் தைத்திருப்பார்கள். யானையின் துதிக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். சாலின் மேல் வளையத்தில் கட்டுவது பெரிய கயிறு, வடம். அது தூண்களுக்கு நடுவே உயரத்தில் சுழலும் உருளை மேல் வரும். தோலின் நுனியில் கட்டுவது சிறிய கயிறு, வால்கயிறு. அது கிணற்றுக் கரையை ஒட்டிக் கீழே கிடக்கும் உருளை மேல் வரும். இரண்டு கயிறும் மாட்டின் நுகத்தடியில் போய்ச் சேரும்.

இப்போது நுட்பத்தைப் பாருங்கள். கிணற்றுக்குள்ளே தோலின் நுனி மடங்கி மேல்நோக்கி, சாலின் வாயளவுக்கு நிமிர்ந்து நிற்கும். அதனால் தண்ணீர் கொட்டாது. மாடு சரிவில் இறங்க இறங்க இரண்டும் ஒன்றாக மேலே வரும். கரையைத் தொட்டதும் வடம் சாலை இன்னும் மேலே, உயர உருளை வரைக்கும் இழுக்கும். வால்கயிறோ கீழ் உருளையோடு நின்று தோலின் நுனியைத் தொட்டிக்குள் இழுத்துக்கொள்ளும். சால் மேலே, தோல்வாய் கீழே. தண்ணீர் தானாகவே கொட்டிவிடும். கவிழ்க்க ஓர் ஆள் வேண்டாம். இவ்வளவும் நடப்பது இரண்டு கயிறுகளின் நீளத்தில் இருக்கும் கணக்கால். வால்கயிறு ஒரு சாண் கூடினால் தோல்வாய் தாழ்ந்துபோய்ப் பாதி வழியிலேயே தண்ணீர் கொட்டிவிடும். பெரியவர் சணலை ஒரு சாண் விட்டுக் காட்டி, "இவ்ளோதாங்க வித்தை. இது தப்பினா நாளெல்லாம் கெணத்துக்கே எறைக்கறதுதான்" என்றார்.

சால் கொட்டியதும் மாடு திரும்பி வர வேண்டும். திரும்பி என்றா சொன்னேன்? மாடு திரும்பாது. முகம் கீழ்ப்பக்கமாகவே இருக்க, பின்னங்காலால் மேட்டில் ஏறும். கயிற்றை அவிழ்க்காமல் ஓட்டும் ஒற்றைக் கவலையில் அதுதான் முறை. உழவு மாடு எந்த மாடும் ஆகும். கவலை மாடு ஆகப் பழக்கம் வேண்டும். சந்தையில் 'கவலைக்குப் பழகின ஜோடி' என்று தனியாகச் சொல்லி விற்றார்கள். மாடு இறங்கும்போது ஓட்டுகிறவர் வடத்தின் மேல் உட்கார்ந்துகொள்வார். அவர் உடம்பின் எடையும் இழுவைக்குச் சேரும். சரிவின் அடியில் இறங்கி, மறுபடி மாட்டோடு மேட்டுக்கு நடப்பார். அந்தச் சரிவும் அதன் தலைமேடும் சேர்ந்துதான் கவலைமேடு. கிணறு தோண்டிய மண்ணைக் கொட்டி உயர்த்திய மேடு. தூண் போனாலும் சால் போனாலும் மேடு லேசில் போகாது. நிலத்துக்குப் பெயராக அது ஒட்டிக்கொண்டதற்கு இதுவே காரணம்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தண்ணீர் 25 அடி ஆழத்தில் இருக்கிறது, கரைக்கு மேலே உருளை 5 அடி உயரம் என்று கொள்வோம். மாடு 30 அடி இறங்கி 30 அடி ஏற வேண்டும். நிமிடத்துக்கு ஒரு சால் என்றால் மணிக்கு 3,600 அடி, ஒரு கிலோமீட்டருக்கு மேல். ஆறு மணி நேரம் ஓட்டினால் ஆறரைக் கிலோமீட்டர், அதில் பாதி பின்னோக்கி. சால் 120 லிட்டர் கொண்டால் மணிக்கு 7,200 லிட்டர். இன்றைக்கு 5 குதிரைத்திறன் மோட்டார் அதே ஆழத்திலிருந்து அதே தண்ணீரைக் கால் மணி நேரத்துக்குள் எடுத்துப் போட்டுவிடும். மோட்டார் வந்ததைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்த ஆறரைக் கிலோமீட்டரை நடந்தவர்கள் ஒருவரும் குறை சொல்லிக் கேட்டதில்லை.

சால் என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஏர் கிழிக்கும் தடத்துக்கும் சால் என்றுதான் பெயர். 'ரெண்டு சால் ஓட்டியாச்சு' என்றால் இரண்டு முறை உழவு முடிந்தது. வீட்டில் தண்ணீர் ஊற்றி வைக்கும் பெரிய மண்பானைக்கும் சால் என்று பெயர். ஒரே மனிதர் விடியலில் ஏர்ச்சால், வெயிலேறியதும் கவலைச்சால், வீட்டுக்கு வந்தால் தண்ணிச்சால் என்று மூன்று சாலோடு ஒரு நாளைக் கழித்திருக்கிறார், ஒரு நாளும் குழம்பியதில்லை. அகராதியில் எண் போட்டுப் பிரித்து வைத்ததை அவர் வினையால் பிரித்துக்கொண்டார். ஏர்ச்சால் பிடிக்கும், விழும். கவலைச்சால் வரும், கொட்டும். தண்ணிச்சால் நிறையும்.

கவலை ஓடிய காலத்தில் அந்த அம்மாவின் வேலை மடை திருப்புவது. கவலை ஓட்டுகிறவருக்கு வயல் தெரியாது. வாய்க்காலின் கடைசியில் நிற்கிறவருக்குக் கிணறு தெரியாது. நடுவில் பேச்சு எண்ணிக்கையில் நடக்கும். "கேவுருப் பாத்திக்கு இத்தினி சாலு, மொளகாப் பாத்திக்கு இத்தினி சாலு, எண்ணிக்கினே நிப்பேன்" என்றார். சால் இங்கே பாத்திரம் இல்லை, அளவை. கவலையும் அப்படித்தான் அளவையானது. 'ஒத்தைக் கவலைக் கெணறு', 'ரெட்டைக் கவலைக் கெணறு' என்றார்கள். ஒரே நேரத்தில் இரண்டு கவலை ஓடினாலும் ஊற்று ஈடுகொடுக்கும் கிணறு ரெட்டைக் கவலைக் கிணறு. பெண் கொடுக்கும் வீட்டுக்காரர் கிணற்றுக்கு எத்தனை கவலை என்று விசாரித்ததாகப் பெரியவர் சொன்னார். மோட்டாரின் குதிரைத்திறன் மோட்டாரைத்தான் சொல்லும். 'ரெட்டைக் கவலை' என்ற சொல் ஊற்றையும் மாட்டையும் குடும்பத்தின் நிலைமையையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும்.

கருவிச் சொல் சட்டத்துக்குள்ளும் போகும். சோழர் செப்பேடுகளில் ஊரைத் தானம் கொடுக்கும்போது, அந்த ஊர் வாய்க்கால் நீரைப் பிறர் குற்றேத்தம் வைத்து இறைக்கக் கூடாது, கூடையால் இறைக்கக் கூடாது என்று விதி எழுதினார்கள். குற்றேத்தம் என்றால் சின்ன ஏற்றம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அரசாணையில் ஏற்றத்தின் அளவு வரைக்கும் பேச்சு இருக்கிறது. ஏத்தம் அதற்கும் பழசு. மதுரைக்காஞ்சியில் ஏத்தம், ஆம்பி, கிழார் என்று இறைகருவிகள் வரிசையாக வருகின்றன. ஆம்பியும் கிழாரும் புழக்கத்திலிருந்து போய்விட்டன, ஏத்தம் நின்றது. நம் காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரங்களிலும் கிணற்றோடு கவலை ஏற்றத்துக்கும் பாத்தியம் எழுதினார்கள். அண்ணனுக்கு ஒரு முறை, தம்பிக்கு ஒரு முறை என்று நாளைப் பிரித்தார்கள். அந்தப் பத்திரத்தை இன்று படிக்கும் இளைஞர் கவலைக்கும் பாகம் உண்டா என்று கேட்டால், அவருக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும்.

இன்னொன்றையும் இந்த அவையில் சொல்லியாக வேண்டும். கருவியின் பெருமையைப் பேசுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சாலின் தோல் எங்கிருந்து வந்தது? செத்த மாட்டை உரித்து, பதப்படுத்தி, தண்ணீர் ஒழுகாமல் தைத்துக் கொடுத்தவர்கள் சேரியில் இருந்தார்கள். தோல் கிழிந்தால் அன்று இறைப்பு நின்றுவிடும். ஆள் அனுப்புவார்கள், அவர் வந்து கரையில் உட்கார்ந்து தைத்துக் கொடுப்பார். களத்தில் நெல் தூற்றும்போது அதற்கான கூலியை அவருக்கு அளப்பார்கள். அவர் தைத்த தோல் நாள் முழுவதும் அந்தக் கிணற்றுக்குள் இறங்கி ஏறும். அவர் மட்டும் அந்தக் கிணற்றில் குடம் வைக்கக் கூடாது. தோலுக்குத் தீட்டு இல்லை, தைத்த கைக்குத் தீட்டு என்று வைத்த சமூகம் நம்முடையது. கவலையைப் பற்றிய சொற்களில் சரிபாதி அவர்கள் தொழிலைச் சேர்ந்தவை. தோலைப் பதம் பண்ணும் சொற்கள், தையலின் வகைகள், ஒழுகலை அடைக்கும் வழிகள். நாம் நிலம் வைத்திருந்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொல் தொகுத்தால் அந்தப் பாதி நம் குறிப்பேட்டுக்குள் வராது. நானும் தொடக்கத்தில் திண்ணையில்தான் உட்கார்ந்தேன். பல ஆண்டு கழித்துத்தான் சேரிக்குப் போனேன். அதற்குள் சொல்லக் கூடியவர்களில் பலர் போய்விட்டார்கள். அது என் தவறு.

சொல்லின் பிறப்புக்கு வருவோம். தெலுங்கில் கபில, கன்னடத்தில் கபிலெ, தமிழில் கபிலை, கவலை, கமலை. 1800இல் சென்னையிலிருந்து மைசூர் நாட்டுக்குப் பயணம் போன பிரான்சிஸ் புக்கானன் தம் பயண நூலில் இதைக் 'கபிலி' என்றும் ஏற்றத்தை 'யாத்தம்' என்றும் காதில் விழுந்தபடி எழுதிவைத்தார். ஏற்றத்தை ஆங்கிலேயர் 'பிக்கோட்டா' என்றார்கள். அது போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். மராத்தியர் மோட் என்பது இந்தக் கவலையைத்தான். செஞ்சிக் கோட்டையை 1677இல் சிவாஜி பிடித்த பிறகு இருபது ஆண்டுக்கு மேல் மராத்தியர் இங்கே இருந்தார்கள். ஆனாலும் மோட் என்ற சொல் நம் கிணற்றுக்கு வரவில்லை. ஆட்சி மாறியதற்காக உழவர் சாலின் பெயரை மாற்றவில்லை.

கபிலை என்றால் பழுப்புநிறப் பசு, பசு இழுத்ததால் இந்தப் பெயர் என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள். எனக்கு இது ஒட்டவில்லை. இழுத்தது எருது, பசுவைக் கவலையில் பூட்டுவது ஊர்வழக்கம் இல்லை. நான் சாய்வது வேறொரு பக்கம். தமிழில் கவை என்றால் கிளை பிரிந்தது. கவட்டை, கவண், கவடு எல்லாம் அந்தக் குடும்பம். பழந்தமிழில் கவலை என்றால் கிளை பிரியும் வழி. எந்த வழியில் போவது என்று மனம் இரண்டாகப் பிரிந்து நிற்பதும் கவலை. கவல்தல் அதன் வினை. கல்தூண் வருவதற்கு முன் கிணற்றுக் கரையில் நட்டவை மரத்தூண்கள். தலையில் கவையுள்ள இரண்டு மரம், அந்தக் கவைகளில் கிடக்கும் அச்சு, அச்சில் உருளை. வழியின் கவை, மனத்தின் கவை, மரத்தின் கவை மூன்றும் ஒரே வேரில் நிற்கின்றன என்பது என் கருத்து. கபிலை என்ற வடிவம் சொல்லை அழகுபடுத்தப் பின்னால் வந்தது என்று எண்ணுகிறேன். மொழியியலார் மறுக்கலாம், தெலுங்கிலும் கன்னடத்திலும் பகர வடிவம் நிலைத்திருப்பது அவர்கள் கையிலுள்ள வலுவான சான்று. எப்படியானாலும், அந்தத் தம்பி கவலையை மனத்துயரம் என்று எழுதியது வேரிலிருந்து வெகுதூரம் விலகியதல்ல என்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

கருவி ஒன்று, உறுப்புகளுக்கு ஊருக்கொரு பெயர். நாம் சால் என்பதைக் கொங்கில் பறி என்பார்கள், மதுரைப் பக்கம் கூனை. யாழ்ப்பாணத்தில் துலா மிதித்து, பனையோலைப் பட்டையில் இறைத்தார்கள். மண்ணின் தன்மையும் நீரின் ஆழமும் கருவியை முடிவுசெய்யும். கருவி சொல்லை முடிவுசெய்யும். ஆற்றுப்பாசனமுள்ள தஞ்சையில் கவலைச் சொற்கள் செழித்திருக்க வழியில்லை. செஞ்சி பாறை நாடு. சங்கராபரணி ஆறு மழைக்குப் பிறகு சில மாதம்தான். ஏரி வற்றினால் பாறையைக் குடைந்த கிணறுதான் கதி. அதனால்தான் இங்கே சொல் இவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது.

இதையெல்லாம் எழுதி வைப்பது எப்படி? சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை வெளிவந்தது. வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியர். ஒரு லட்சத்துக்கு மேல் சொற்கள். பெரும்பணி, நான் தினமும் புரட்டும் நூல். ஆனால் அங்கே சொல்லுக்குப் பொருள் கிடைக்கும், கருவி கிடைக்காது. அதற்கும் நாற்பது ஆண்டு முன்னால், 1885இல், ஜார்ஜ் கிரியர்சன் பீகார் உழவர் வாழ்க்கையைப் பற்றி ஒரு நூல் போட்டார். ஏரை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, படத்தோடு, எந்த மாவட்டத்தில் எந்தப் பெயர் என்று எழுதினார். 1962இல் ஆந்திரத்தில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தெலுங்கு வட்டாரத் தொழிற்சொல் அகராதியின் முதல் தொகுதியைக் கொண்டுவந்தார். முதல் தொகுதியே வேளாண்மை. வட்டாரம் வட்டாரமாகப் போய், உழவரிடமே கேட்டு, கருவிகளைப் படம் வரைந்து செய்த பணி. தமிழில் கி. ராஜநாராயணன் 1982இல் கரிசலுக்கு அகராதி செய்தார். கொங்குக்குப் பெருமாள்முருகன் செய்தார். நம் நடுநாட்டுக்குக் கண்மணி குணசேகரன் செய்தார். இவர்கள் மூவரும் கதை எழுதுகிறவர்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். துறைகளும் குழுக்களும் பணமும் இல்லாமல், ஊர்ப்பேச்சின் மேல் இருந்த பாசத்தில், தனித்தனி மனிதர்கள் செய்தது இது. பல்கலைக்கழகங்கள் தொழில்வாரியாக, படத்தோடு, வினையோடு செய்ய வேண்டிய பணி இன்னும் நமக்குப் பாக்கி இருக்கிறது.

கவலை எப்படிப் போனது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆல்பிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் சென்னை மாகாணத்துக் கிணறுகளில் கவலையை அளந்து பார்த்து, எண்ணெய் எஞ்சினை அதன் பக்கத்தில் வைத்தார். சுதந்திரத்துக்குப் பிறகு ஊர்களுக்கு மின்சாரம் வந்தது. பிறகு விவசாய மின்சாரம் இலவசமானது. ஒரு தலைமுறைக்குள் சால் பழைய இரும்புக்கு எடைக்குப் போனது. மரச்சாமான்கள் அடுப்புக்குப் போயின. கிணற்று நீர் இறங்கியது, ஆழ்துளை வந்தது. ஆழ்துளைக் கிணற்றுக்கு எந்தக் கவலையும் எட்டாது. 'எறைக்கிற கெணறுதான் ஊறும்' என்ற பழமொழி, கவலை இழுக்கும் வேகத்துக்கு ஊற்று ஈடுகொடுத்த காலத்தில் பிறந்தது. இறைப்பு ஊற்றை முந்திவிட்ட கிணறுகளுக்கு அந்தப் பழமொழி இன்று பொருந்தவில்லை.

அன்று மாலை தளவானூரிலிருந்து புறப்படும்போது தம்பி அந்த அம்மாவிடம் கேட்டார்: "ஆயா, கவலை நின்னப்ப வருத்தமா இருந்துச்சா?"

அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "வருத்தம் இன்னா வருத்தம். கால் வலி போச்சு. ஆனா வெடிகாலையில உருளை சத்தம் கேக்கும் பாரு, அத வெச்சித்தான் எழுந்துக்குவேன். யாரு வூட்டுக் கவலைன்னு சத்தத்துலயே சொல்லிடுவேன். மோட்டாரு எல்லாம் ஒரே சத்தந்தான்."

ஒரு வாரம் கழித்துத் தம்பி குறிப்பேட்டைத் திரும்பக் கொண்டுவந்தார். பழைய வரியை அடித்துவிட்டு எழுதியிருந்ததை அவர் அனுமதியோடு படிக்கிறேன்:

கவலைமேடு, பெயர்ச்சொல். கவலை மாடுகள் இறங்கி, பின்னடியாக ஏறும் சரிவும் அதன் தலைமேடும். கிணறு தோண்டிய மண்ணால் ஆனது. கிணறு தூர்ந்த பிறகும் நிலத்தின் பெயராக நிற்கும். கவலை என்பதோடு வரும் வினை: ஓட்டு, பூட்டு, கட்டு. ('இறை' தண்ணீருக்கு மட்டும்.) உறுப்புகள்: சால், வடம், வால்கயிறு, உருளை, தோல். தோல் தைப்பது பற்றிய சொற்கள்: சேரியில் இரண்டு பெரியவர்களைப் பார்த்தேன், பதினொன்று கிடைத்தன, தனிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். கரைக்கல்லில் கயிற்றுத் தடம்: ஆழம் ஒரு விரல். பேச்சு வழக்கு: "பொழுது சாயறதுக்குள்ள இன்னும் இருவது சாலு ஓட்டிடு, கடைசிப் பாத்தி காஞ்சி கெடக்குது."